97.6% ஓட்டு ஒருவருக்கு, 10 வருடக் காத்திருப்பு இன்னொருவருக்கு: எண்கள் சொல்லும் கதையே வேற!

[திரையில் இரண்டு எண்கள் மட்டும்: 3,955 / 3,977]

இரண்டு பேஸ்பால் பேட்டர்கள். பெயர் இப்போதைக்கு வேண்டாம். முதல் ஆள் தன் ஆட்டக் காலம் முழுவதும் சேர்த்து ஹிட்டோ (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடிச் சேர்வது) வாக்கோ (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) பந்து உடம்பில் பட்டோ 3,955 முறை பேஸுக்கு, அதாவது மைதானத்தில் ஓடிச் சேர வேண்டிய இடத்துக்கு, போயிருக்கிறார். இரண்டாவது ஆள் 3,977 முறை. மட்டை பிடிக்க வந்த தடவைகளும் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பத்தாயிரத்துச் சொச்சம். இதில் ஒருவரை, பேஸ்பாலின் பெரிய ஆட்டக்காரர்களை ஓட்டுப் போட்டுச் சேர்க்கிற கௌரவ மன்றமான ஹால் ஆஃப் ஃபேமின் ஓட்டுப் பட்டியலில் பெயர் வந்த முதல் வருடமே 97.6 சதவீத ஓட்டோடு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னொருவருக்கு முதல் வருடம் கிடைத்தது 24.3 சதவீதம், அப்புறம் வருடா வருடம் காத்திருந்து, பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில்தான் உள்ளே போனார். காத்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? வீடியோவை நிறுத்திவிட்டு கமென்ட்டில் போடுங்கள், ஏமாற்றாமல்.

3,977 வைத்திருந்தவர்தான்.

முதல் ஆள் டோனி க்வின், சான் டியாகோ பாட்ரேஸ் அணிக்கே 20 வருடமும் ஆடியவர், 2007-இல் தேர்வானார். இரண்டாவது ஆள் டிம் ரெய்ன்ஸ், மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியில் பெயர் வாங்கியவர், 2017-இல் தேர்வானார்.

சரி, கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நமக்கு ஒரு நிமிடம். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது ரன்னை அவுட்டால் வகுப்பது இல்லை, ஹிட்டை முயற்சிகளால் வகுப்பது. பத்துக்கு மூன்று ஹிட், அதாவது 0.300 எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர். ஏழு தடவை தோற்றாலும் கைதட்டுவார்கள், ரொம்ப மனிதாபிமானமான விளையாட்டு! க்வினின் சராசரி 0.338, ஹிட் 3,141, எட்டு முறை லீக்கிலேயே முதல் சராசரி. ரெய்ன்ஸுக்கு 0.294, ஹிட் 2,605. இதை மட்டும் பார்த்தால் போட்டியே கிடையாது.

ஆனால் ரெய்ன்ஸ் 1,330 வாக் வாங்கியிருக்கிறார், க்வின் 790. பிட்சர், அதாவது பந்து போடுகிறவர், ஸ்ட்ரைக் எல்லைக்கு (பேட்டர் அடிக்க வசதியான பகுதி) வெளியே நாலு பந்து போட்டு, பேட்டரும் ஆசைப்பட்டு மட்டையை வீசாமல் பொறுமையாக நின்றால், முதல் பேஸுக்கு நடந்தே போகலாம், அதுதான் வாக். பேட்டிங் சராசரி இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஹிட்டும் இல்லை, முயற்சியும் இல்லை, அப்படி ஒரு சம்பவமே நடக்காத மாதிரி. ஏன்?

இந்த இடத்துக்காகத்தான் நான் இந்த வீடியோவே எடுத்தேன். இதற்குப் பின்னால் இருப்பது ஒரு கிரிக்கெட் நிருபர்! ஹென்றி சாட்விக், 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்தவர், சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போனவர், அங்கே பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். பேஸ்பால் பிடித்துப்போனதும் கிரிக்கெட் ஸ்கோர் அட்டை மாதிரியே இதற்கும் ஒன்றை உருவாக்கினார், எதை எண்ண வேண்டும், எதை எண்ணக்கூடாது என்ற பழக்கங்களில் பாதி இவர் கைவண்ணம். வாக் அவர் கண்ணுக்கு பிட்சரின் தப்பு, பேட்டரின் சாமர்த்தியம் இல்லை. யோசித்துப் பாருங்கள், கிரிக்கெட்டில் வைட் போனால் அந்த ரன் பேட்ஸ்மேன் பெயரிலா ஏறுகிறது? எக்ஸ்ட்ராஸில்தானே! அதே புத்திதான். கிரிக்கெட்டில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை, வைட்டுக்குக் கிடைப்பது ஒரு ரன். பேஸ்பாலில் ஒரு ஆளே பேஸில் போய் நிற்கிறார், அதுவும் அவுட் ஆகாமல். ஒன்பது இன்னிங்ஸுக்கு மொத்தமே 27 அவுட்தான் கையில் இருக்கிறது, அதில் ஒன்றைச் செலவு செய்யாமல் வருகிறவரை எண்ண மாட்டேன் என்றால் எப்படி?

இதில் இன்னொரு கூத்து, 1887-இல் ஒரே ஒரு சீசனுக்கு வாக்கையும் ஹிட்டாகவே எண்ணிப் பார்த்தார்கள். டிப் ஓ'நீல் என்பவரின் சராசரி 0.492 வரை போனது! அடுத்த வருடமே அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். பின்னாளில் வாக்கைக் கழித்துப் பார்த்தபோது அது 0.435 ஆகிவிட்டது. பாவம் மனுஷன்.

க்வின் ரசிகர்கள் சண்டைக்கு வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாக்கும் ஹிட்டும் சமம் இல்லை. ஹிட் அடித்தால் ஏற்கெனவே பேஸில் நிற்கிறவர் இன்னும் முன்னால் ஓட முடியும். தோராயமாகப் போட்டால் ஒரு வாக்கின் மதிப்பு 0.3 ரன், ஒற்றை ஹிட் அதைவிட ஒன்றரை மடங்கு, ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது) 1.4 ரன். அதனால் க்வின் மட்டையால் முன்னால்தான் இருக்கிறார். எனக்கும் அவரைத்தான் பார்க்கப் பிடிக்கும், 20 வருடத்தில் மொத்தமே 434 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது), இப்போது ஒரே சீசனில் 200 ஆகிறவர்கள் இருக்கிறார்கள்! ஆனால் ரெய்ன்ஸ் பேஸுக்குப் போனதும் சும்மா நிற்கிற ஆள் இல்லையே. 808 பேஸ் திருடியிருக்கிறார், அதாவது யாரும் ஹிட் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்திருக்கிறார், மாட்டிக்கொண்டது 146 தடவைதான். க்வின் திருடியது 319.

எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்க 'வார்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. மட்டை, ஓட்டம், ஃபீல்டிங் எல்லாவற்றையும் ரன்னாக மாற்றி, எளிதில் கிடைக்கிற ஒரு மாற்று ஆளைவிட இவரால் அணிக்கு எத்தனை வெற்றி கூடியது என்று பார்ப்பார்கள், பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். போதும், தூங்கிவிடாதீர்கள். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் க்வின், ரெய்ன்ஸ் ரெண்டு பேருமே 69-ஐ ஒட்டித்தான் நிற்கிறார்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்க பேஸ்பாலின் பெரிய லீக்குகள் ரெண்டு, அமெரிக்கன், நேஷனல். 1968-இல் அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் சராசரியில் முதல் இடத்தை கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி வெறும் 0.301 சராசரியோடு பிடித்தார். 1930-இல் நேஷனல் லீக் முழுவதின் சராசரியே 0.303! பிட்சர்கள், உப்புக்குச் சப்பாணிகள் எல்லாரையும் சேர்த்து! அதற்காக 1930-இன் சராசரி ஆள் யஸ்ட்ரெம்ஸ்கியைவிடக் கெட்டிக்காரர் ஆகிவிடுவாரா? 68-இல் பிட்சர்கள் ராஜ்ஜியம், மறு வருடமே அவர்கள் ஏறி நிற்கிற மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். அதனால்தான் லீக் சராசரியை 100 என்று வைத்து ஆளை அளக்கிறார்கள். டென்வர் மைதானம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம், காற்று லேசு, பந்து பறக்கும், அதையும் கழித்துக்கொள்வார்கள். பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் மாதிரி 30 வயதிலேயே விலகியவர்களை எப்படி அளப்பது என்பதற்குத் தனி வீடியோ போடலாம், வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சல். டெட்ராய்ட் டைகர்ஸின் லூ விட்டேக்கர். வார் 75, நம்ம ரெண்டு பேரையும்விட அதிகம். சராசரி 0.276தான், ஆனால் வாக் 1,197. 2001-இல் அவருக்கு விழுந்த ஓட்டு 2.9 சதவீதம். 5 சதவீதம் இல்லாவிட்டால் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுத்துவிட்டார்கள். ரெய்ன்ஸுக்குக் கிடைத்த பத்து வருடம்கூட இவருக்குக் கிடைக்கவில்லை.

ஹென்றி சாட்விக் 1938-லேயே ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போய்விட்டார்.