வாரம் 12 பவுண்ட்: பில்லி லிடல் ஏன் ஆபீஸ் வேலையை விடவில்லை?

[திரை: 1940களின் ஆன்ஃபீல்ட் மைதானம், கறுப்பு வெள்ளைப் படம்]

1946 செப்டம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கிளப், ஆல்பர்ட் ஸ்டபின்ஸ் என்ற சென்டர் ஃபார்வர்டை (நடுவில் முன்னால் நின்று கோல் அடிப்பவர்) நியூகாசில் கிளப்பிடமிருந்து 12,500 பவுண்டுக்கு வாங்கியது. பணம் முழுக்கக் கிளப்புக்கும் கிளப்புக்கும் இடையே. கையெழுத்துப் போடும் வீரருக்குக் கொடுக்க லீக் விதி அனுமதித்த தொகை 10 பவுண்ட் மட்டும். 1947இல் வாரச் சம்பளத்தின் உச்சவரம்பு 12 பவுண்ட் ஆனது. அந்தக் கணக்கில் 12,500 பவுண்ட் சேர இருபது ஆண்டு ஆகும்.

ஸ்டபின்ஸுக்கு இடதுபுறம் ஓடிக்கொண்டிருந்தவர் பில்லி லிடல். ஸ்காட்லாந்துக்காரர், லிவர்பூலுக்கு 534 ஆட்டம், 228 கோல். இத்தனையும் ஒரு கணக்காளர் வேலையைப் பார்த்துக்கொண்டே. பயிற்சிக்கு வந்தது வாரத்தில் இரண்டே நாள். நட்சத்திர ஆட்டக்காரருக்கு ஆபீஸ் வேலை எதற்கு என்பதுதான் இந்த வீடியோ.

[திரை: ஸ்காட்லாந்து வரைபடம், ஃபைஃப் பகுதி]

லிடல் பிறந்தது 1922 ஜனவரி 10, டன்ஃபர்ம்லின் அருகே டவுன்ஹில். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, வீட்டில் ஆறு பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். அப்போது லிவர்பூலில் ஆடிக்கொண்டிருந்த மாட் பஸ்பி (பிற்பாடு மான்செஸ்டர் யுனைடெட்டைக் கட்டியெழுப்பிய அதே பஸ்பி) இந்தப் பையனைப் பற்றி மேனேஜர் ஜார்ஜ் கேயிடம் சொன்னார். 1938இல் 16 வயதில் அமெச்சூராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு தொழில்முறை ஒப்பந்தம், வாரம் 3 பவுண்ட். பெற்றோர் ஒரு நிபந்தனை போட்டார்கள்: கணக்கியல் படிப்பு நிற்கக் கூடாது. சுரங்கத்தைப் பார்த்து வளர்ந்த குடும்பம், காலில் அடிபட்டால் அடுத்த நாள் சோறு எங்கே என்று யோசித்திருக்கிறது. சரியான யோசனை.

சில மாதத்தில் போர் வந்தது. விமானப்படையில் நேவிகேட்டர் (விமானத்துக்கு வழி கணிப்பவர்) பயிற்சி, அதில் ஒரு பகுதி கனடாவில். இடையில் 1942 ஏப்ரலில் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5–4 என வென்ற போர்க்கால ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தார். அதே ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்குக் கோல் அடித்த இன்னொருவர் பில் ஷாங்க்லி. அந்தப் பெயர் திரும்ப வரும்.

[திரை: டபிள்யூ–எம் அமைப்பு, இடது ஓரத்தில் 11ஆம் எண்]

போர் முடிந்து லிவர்பூலுக்கு முதல் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடும்போது வயது 24ஐ நெருங்கிவிட்டது: 1946 ஜனவரி 5, செஸ்டருக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை (தோற்றால் வெளியேறும் இங்கிலாந்துக் கோப்பை) ஆட்டம், கோலும் அடித்தார். அந்த செப்டம்பரில் செல்சியுடன் முதல் லீக் ஆட்டம். தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள் கார்னரிலிருந்து நேராக வலைக்குள் போட்டார். லிவர்பூல் 7–4 என வென்றது.

லிடல் ஆடிய இடம் விங்கர், அதாவது ஓரத்து முன்கள ஆட்டக்காரர். அந்தக் காலத்து விங்கரின் வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பின்னால் மூன்று பேர், நடுவில் நான்கு, முன்னால் மூன்று. விங்கர் கோட்டை ஒட்டி நிற்பார். பந்து வந்ததும் எதிரணி ஃபுல்பேக்கை (ஓரத்துத் தடுப்பாட்டக்காரரை) தனியாகச் சமாளித்து நடுவே அனுப்ப வேண்டும். பந்து தோலால் ஆனது, மேலே கயிற்றுத் தையல். எடை 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது சுமார் 396 முதல் 453 கிராம். ஆனால் விதி சொன்னது ஆட்டம் தொடங்கும்போது இருக்கும் எடையை. மழையில் தோல் தண்ணீர் குடித்த பிறகு எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பந்தை ஓரத்திலிருந்து கோல் வாய் வரை கொண்டுபோகவே கால் பலம் வேண்டும். லிடல் அதே இடத்திலிருந்து கோலுக்கே அடித்தார், இரண்டு காலாலும்.

1946–47இல் அவர் பெரும்பாலும் கொடுப்பவர்தான்: ஸ்டபின்ஸும் ஜாக் பால்மரும் ஆளுக்கு 24 லீக் கோல், லிடல் 7. கடும் குளிரால் சீசன் ஜூன் வரை இழுத்தது. ஜூன் 14 அன்று பட்டத்துக்குப் போட்டியிட்ட ஸ்டோக் தோற்றதும் லிவர்பூல் சாம்பியன்.

[திரை: சம்பள உச்சவரம்பு அட்டவணை – 1947: 12, 1951: 14, 1953: 15, 1957: 17, 1958: 20 பவுண்ட்]

இப்போது முக்கியமான இடம். இந்த உச்சவரம்பு எல்லாக் கிளப்புக்கும், எல்லா வீரருக்கும் ஒன்றே. கோடையில் இதைவிடக் குறைவு. வென்றால் 2 பவுண்ட், டிராவானால் 1 பவுண்ட் போனஸ். ஐந்து ஆண்டு சேவைக்கு ஒரு நன்றித் தொகை உண்டு, 1950களின் தொடக்கத்தில் அதிகபட்சம் 750 பவுண்ட், அதற்கும் வரி. தருவதும் தராததும் கிளப்பின் விருப்பம்.

சரி, வேறு கிளப்புக்குப் போகலாமே? போனாலும் அதே சம்பளம்தான். போகவும் விடமாட்டார்கள். ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு. சீசன் முடிவில் கிளப் உங்களைத் 'தக்கவைத்தோர்' பட்டியலில் போட்டுவிட்டால், புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டாலும் லீக்கில் வேறெங்கும் ஆட முடியாது. சம்பளமும் இல்லை, விடுதலையும் இல்லை.

தப்பிக்க ஒரே கதவு 1950இல் திறந்தது. ஃபிஃபாவுக்கு வெளியே இயங்கிய கொலம்பியா லீக் பெரும்பணம் காட்டியது. நீல் ஃபிராங்க்ளின், சார்லி மிட்டன் போன்ற இங்கிலாந்து லீக் வீரர்கள் பொகோட்டாவுக்குப் போய்விட்டுத் திரும்பியதும் தடையை அனுபவித்தார்கள். லிடலுக்கும் அழைப்பு வந்தது, மறுத்துவிட்டார். இதை வெறும் விசுவாசம் என்று சொல்வது பாதிக் கதை. கையில் ஒரு தொழில் இருந்த மனிதருக்கு அந்தச் சூதாட்டம் தேவைப்படவில்லை.

[திரை: வெம்ப்ளி, 1950]

அதே 1950இல், அதே ஊர்க் கிளப்பான எவர்டனுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ஒரு கோல் அடித்தார். இறுதியில் ஆர்சனலிடம் லிவர்பூல் 0–2. ஸ்காட்லாந்து அணிக்கும் மோசமான ஆண்டு: உலகக் கோப்பைக்கு இடம் இருந்தும், பிரிட்டிஷ் சாம்பியனாக வந்தால்தான் போவோம் என்று கால்பந்துச் சங்கம் வீம்பு பிடித்தது. இங்கிலாந்திடம் 0–1 எனத் தோற்றதும் பிரேசில் பயணம் போயிற்று. லிடல் ஸ்காட்லாந்துக்கு 28 ஆட்டம் ஆடியும் உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை. ஆனால் 1947இலும் 1955இலும் 'மற்ற ஐரோப்பா' அணியை எதிர்த்த பிரிட்டன் அணி இரண்டிலும் ஆடியவர்கள் இரண்டே பேர்: ஸ்டான்லி மாத்யூஸும் இவரும்.

1954இல் லிவர்பூல் கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. லிடலுக்கு வயது 32. நடுவே கொண்டுவந்து சென்டர் ஃபார்வர்டாக்கினார்கள். 1954–55 சீசனில் 30 லீக் கோல். டிசம்பரில் பர்மிங்காமிடம் 1–9, கிளப் வரலாற்றின் மிகப்பெரிய தோல்வி. அந்த ஒற்றை கோலும் இவருடையதே. ஏழு வாரம் கழித்து முதல் டிவிஷன் எவர்டனை அவர்கள் மைதானத்திலேயே 4–0. கோலைத் தொடங்கி வைத்தவரும் இவரே. ரசிகர்கள் அணியை 'லிடல்பூல்' என்று அழைத்ததில் ஆச்சரியமில்லை.

1956 எஃப்.ஏ. கோப்பை மறு ஆட்டம் தனிக் கதை. மான்செஸ்டர் சிட்டி 2–1 முன்னிலை, கடைசி வினாடி. லிடல் ஓடிவந்து சிட்டியின் கோல்கீப்பர் டிரவுட்மானைத் தாண்டி வலைக்குள் அடிக்கிறார், அரங்கம் கொண்டாடுகிறது. அவர் அடிப்பதற்குச் சற்று முன் ரெஃப்ரி கிரிஃபித்ஸ் ஆட்டம் முடிந்ததாக விசில் ஊதியிருந்தார். கோல் இல்லை. சிட்டி அந்தக் கோப்பையை வென்றது.

இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே ஏற முதல் இரண்டே இடம். லிவர்பூலின் முடிவுகள்: 1956 மூன்றாவது, 1957 மூன்றாவது, 1958 நான்காவது, 1959 நான்காவது. 1959 ஜனவரியில் வூஸ்டர் சிட்டி என்ற லீக்கிலேயே இல்லாத கிளப்பிடம் 1–2. அன்று லிடலை அணியில் எடுக்கவில்லை. அந்த டிசம்பரில் புது மேனேஜர் வந்தார். 1942 ஹாம்ப்டன் சகா, ஷாங்க்லி. பழைய தோழமைக்காக இடம் கிடைக்கவில்லை. கடைசி ஆட்டம் 1960 ஆகஸ்ட் 31, சவுதாம்ப்டனிடம் 0–1. வயது 38.

[திரை: 1961 செய்தித்தாள்]

ஐந்து மாதம் கழித்து, 1961 ஜனவரியில் உச்சவரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாம் கிளப் தன் வீரர் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்ட் கொடுத்தது. லிடலின் கடைசி சீசன்களில் உச்சம் 20. அவர் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் நிதிப் பொறுப்பு வேலைக்குப் போனார். 1958 முதலே கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். 2001 ஜூலை 3 அன்று இறந்தார்.