வாக்குச்சாவடிக்கு முன்னால் ஒரு வகுப்பறை

(மினசோட்டாத் தமிழர்களின் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘அமெரிக்கக் குடிமகனின் குரல் ஓங்கி ஒலிப்பது வாக்குச்சாவடியிலா, காக்கஸ் கூட்டத்திலா?’ ‘காக்கஸ் கூட்டத்திலே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

காக்கஸ் என்றால், ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் தங்கள் வட்டாரத்தில் நேரில் கூடிப் பேசி முடிவெடுக்கும் கூட்டம். எனக்கு முன் பேசிய சகோதரி ஒரு கணக்குச் சொன்னார். 2016-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் காக்கஸுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 2.3 லட்சம் பேர். அதில், கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ் பெருவெற்றி பெற்றார். இரண்டு மாதம் கழித்துத் தபாலில் நடந்த முன்தேர்தலில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவில், சுமார் 8 லட்சம் பேர் வாக்களித்தார்கள். அதில் எதிர்ப் போட்டியாளர் ஹிலாரி கிளிண்டன் முந்தினார். “எது மக்கள் குரல்?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள்.

கணக்கு சரிதான் அம்மா. இரவுப் பணிக்குப் போகும் செவிலியர் காக்கஸுக்கு எப்படி வருவார்? அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முன்தேர்தலே பொருத்தம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். நம் மினசோட்டாவும் 2020-இல் அந்தப் பொறுப்பை முன்தேர்தலுக்கு மாற்றிவிட்டது. ஆனால் மாற்றிய பிறகும் இந்த மாநிலம் காக்கஸைக் கலைக்கவில்லையே, ஏன்?

சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். காக்கஸ் நடக்கும் நாளில் மாலை 6 மணிக்கு மேல் நகர மன்றம் கூடக் கூடாது, பள்ளி வாரியம் கூடக் கூடாது. 10 நாள் முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டால், வேலையிலிருந்து கிளம்பும் உரிமை உங்களுக்கு உண்டு. முதலாளி அந்த நேரத்துக்கான சம்பளத்தை மட்டும் பிடிக்கலாம். வேறு எந்தத் தண்டனையும் தரக் கூடாது. ஒரு மாநிலமே தன் மற்றக் கூட்டங்களையெல்லாம் ஒத்திவைத்து, “போய் உன் பக்கத்து வீட்டுக்காரனோடு உட்கார்ந்து பேசு” என்று குடிமகனுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கித் தருகிறது. இதைப் படித்த அன்று எனக்கு இந்த ஊர்மேல் தனி மரியாதை வந்தது.

காக்கஸ் பெரும்பாலும் பள்ளி வகுப்பறையில் கூடும். இரவு 7 மணிக்கு அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது? பெயர் எழுதிக் கையெழுத்திடுகிறோம். கூட்டத்தை நடத்த ஒருவரை நாமே தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த கட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்புகிறோம். பிறகு தீர்மானங்கள். இதுதான், நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர்நாடி. பனி நாளில் பேருந்து நிறுத்தத்தில் வழி இல்லையா? தாய்மொழி வகுப்புக்குப் பள்ளியில் இடம் வேண்டுமா? நான்கு வரி எழுதிக்கொண்டு போய் எழுந்து நின்று படிக்கலாம். கூடியிருப்பவர்கள் ஏற்றால், அந்த நான்கு வரி கட்சியின் கொள்கை அறிக்கையை நோக்கிப் படியேறத் தொடங்கும். ஊரில் கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த உணர்வு புரியும். வாக்குச்சீட்டில் இதற்கு இடமுண்டா? அங்கே கேள்வியும் அச்சாகி வருகிறது, பதிலும் அச்சாகி வருகிறது. நமக்கு மிச்சம் ஒரு வட்டத்தை நிரப்புவது மட்டும்தான்.

எதிரணி அண்ணன் அயோவா மாநிலத்தைக் காட்டினார். அங்கே 2020 வரை, ஜனநாயகக் கட்சியினர் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஆளுக்கொரு மூலையில் அணி அணியாக நின்றார்கள். 15 விழுக்காடு தேறாத அணி கலைந்து வேறு அணியில் சேர வேண்டியிருந்தது. “யாருக்கு ஆதரவு என்று ஊரே பார்த்ததே, இரகசியம் எங்கே?” என்றார். அண்ணே, அந்தக் கலையும் நேரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சிறிய அணியில் நின்ற பத்துப் பேரைத் தேடி மற்ற அணிக்காரர்கள் வந்தார்கள். “எங்களோடு வாருங்கள், காரணம் இது” என்று விளக்கினார்கள். தோற்றவரின் கருத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, மதித்துப் பேசி அழைக்கும் இடம் தேர்தல் நாளில் எங்கே இருக்கிறது? அயோவாவிலேயே குடியரசுக் கட்சியினர் பேச்சை முடித்துவிட்டுச் சீட்டில் இரகசியமாக எழுதிப் போடுகிறார்கள். ஆக, இரகசியம் வேண்டுமென்றால் காக்கஸை ஒழிக்க வேண்டியதில்லை, முறையைத் திருத்தினால் போதும்.

இன்னொன்று. 1990-இல் நம் மினசோட்டாவின் கார்ல்டன் கல்லூரிப் பேராசிரியர் பால் வெல்ஸ்டோன் செனட் தேர்தலில் நின்றார். எதிரே பதவியில் இருந்த ரூடி போஷ்விட்ஸ். பணபலத்தில் பல மடங்கு பெரியவர். வெல்ஸ்டோன் பழைய பச்சைப் பேருந்தில் ஊர் ஊராகப் போனார். தொலைக்காட்சி விளம்பரத்துக்குக் கொட்டப் பணம் இல்லாதவருக்குக் கட்சி மாநாட்டின் ஆதரவைப் பெற்றுத் தந்தவர்கள், இப்படிப்பட்ட வகுப்பறைகளிலிருந்து கிளம்பிய பிரதிநிதிகள். அவர் வென்றார். காசில்லாதவனுக்கு இந்த நாட்டில் இப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது. அதை மூடச் சொல்கிறீர்களா?

இங்கே குடியுரிமை பெற்று அமர்ந்திருக்கும் உறவுகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நவம்பரில் தவறாமல் வாக்களிக்கிறீர்கள், மகிழ்ச்சி. அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் பல வட்டாரங்களில் காக்கஸ் அனுப்பும் பிரதிநிதி இடங்கள் ஆளில்லாமல் காலியாகவே கிடக்கின்றன. கை உயர்த்தினால் போதும், அந்த இடம் உங்களுக்கு. நம் தெருவில் நம்மைப் ‘புதிதாக வந்தவர்கள்’ என்று எட்டி நின்று பார்ப்பவரும் அதே அறையில், அதே சின்ன நாற்காலியில் நம் பக்கத்தில் உட்காருவார். நம் தீர்மானத்தைக் கேட்டுவிட்டுச் சந்தேகம் கேட்பார். ஒரு சொல்லை மாற்றச் சொல்வார். நாமும் மாற்றுவோம். பிறகு அவரும் கை தூக்குவார். வாக்குச்சாவடியில் அவர் ஒரு தடுப்புக்குள், நாம் ஒரு தடுப்புக்குள்.

நடுவர் அவர்களே, வாக்குச்சாவடி எண்ணிக்கைக்கு உரிய இடம் என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். இன்றைய தலைப்போ குரலைப் பற்றியது. அந்தக் குரல் வாய்திறந்து பேசும் இடம் காக்கஸ் கூட்டமே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.