ஒப்புக்கொண்டவனை ஏன் நம்ப மறுக்கிறார்கள்? ‘கிளாக்கர்ஸ்’ (1995) திரைப்பட விளக்கம்

[திரையில்: படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியல்]

வணக்கம். கொலையாளி யார் என்பதை இந்த வீடியோவில் வெளிப்படையாகப் பேசப்போகிறேன். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

1995-இல் ஸ்பைக் லீ இயக்கி வெளிவந்த ‘கிளாக்கர்ஸ்’ பிணங்களோடு தொடங்குகிறது. சுடப்பட்டுத் தெருவில் கிடக்கும் இளைஞர்களின் உடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. காவல்துறையின் கொலைக்களப் புகைப்படங்களை மாதிரியாகக் கொண்டு படத்துக்கென்றே உருவாக்கப்பட்ட காட்சிகள் அவை. துப்பாக்கியால் சுட்டால் ஒரு மனித உடல் என்ன ஆகும் என்பதை முதலில் காட்டிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார் இயக்குநர். இனி துப்பாக்கி வரும் எந்தக் காட்சியையும் நாம் ரசித்துப் பார்க்க முடியாது.

மிகைப்படுத்துகிறார் என்று நினைக்க வேண்டாம். 1990-இல் மட்டும் நியூயார்க் நகரத்தில் 2,245 கொலைகள் நடந்தன. படம் வெளியான ஆண்டில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தாலும், இறந்தவர்களின் குடும்பங்கள் அதே கட்டடங்களில்தான் வாழ்ந்துகொண்டிருந்தன.

[திரையில்: குடியிருப்பின் நடுவே பெஞ்சுகள், இளைஞர்கள்]

கதை நடப்பது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில். படத்தில் அதற்கு நெல்சன் மண்டேலா குடியிருப்பு என்று பெயர். படப்பிடிப்பு நடந்தது கோவானஸ் குடியிருப்பில். ரிச்சர்ட் பிரைஸ் 1992-இல் எழுதிய நாவலில் கதைக்களம் நியூஜெர்சியில் ஒரு கற்பனை ஊர். முதலில் மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்குவதாக இருந்து, பிறகு ஸ்பைக் லீயின் கைக்கு வந்தது. ஸ்கோர்செசி தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்தார். கதையின் எடை துப்பறிவாளரிடமிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளைஞனிடம் நகர்ந்ததுதான் இந்தக் கைமாற்றத்தில் நடந்த பெரிய மாற்றம். அந்த மாற்றம் இல்லாவிட்டால் இந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்கு அவ்வளவாக எதுவும் இருந்திருக்காது.

அந்த இளைஞன் ரொனால்ட் டன்ஹம். எல்லாரும் அவனை ஸ்ட்ரைக் என்கிறார்கள். நடித்திருப்பவர் மெகை ஃபைஃபர். அவருக்கு இதுதான் முதல் படம். ஸ்ட்ரைக் கிராக் கோகெயின் விற்கும் பையன்களை மேய்ப்பவன். மதுவைத் தொடுவதில்லை, தான் விற்கும் போதைப்பொருளையும் தொடுவதில்லை. வயிற்றில் புண். சாக்லேட் பால் குடித்தே வலியை அடக்கப் பார்க்கிறான். வீட்டில் பொம்மை ரயில்களை ஓட்டி விளையாடுகிறான்.

வியாபாரம் நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். பணம் வாங்குபவன் ஒருவன், பொட்டலத்தை எடுத்துத் தருபவன் இன்னொருவன். போலீஸ் வந்து எல்லார் முன்னிலையிலும் உடைகளைக் கழற்றிச் சோதிக்கும்போது அவமானப்படுவது பெஞ்சில் இருக்கும் பையன்கள் மட்டுமே. முதலாளி ரோட்னி தன் கடையில் பத்திரமாக இருக்கிறான்.

சட்டமும் இந்த ஏற்பாட்டுக்குத் தோதாகத்தான் இருந்தது. 1986-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டப்படி, 5 கிராம் கிராக் வைத்திருந்து விற்றால் குறைந்தது 5 ஆண்டு சிறை. அதே தண்டனை தூள் கோகெயினுக்குக் கிடைக்க 500 கிராம் வேண்டும். கிராக் என்பது அந்தத் தூளிலிருந்தே காய்ச்சி எடுக்கப்படுவது. கறுப்பின ஏழைகளின் தெருக்களில் விற்பனையானது கிராக் என்பதால் சிறை நிரம்பியது அவர்கள் பிள்ளைகளால். நூற்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தைப் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கவே 2010 வரை ஆயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

[திரையில்: ரோட்னியும் ஸ்ட்ரைக்கும்]

ரோட்னியாக வரும் டெல்ராய் லிண்டோவை இந்தப் படத்தின் ஆகச் சிறந்த நடிகர் என்பேன். குரலை உயர்த்துவதே அரிது. அப்பா இல்லாத பையன்களுக்கு அப்பாவைப் போல அறிவுரை சொல்கிறான், முடிவெட்டிக்கொள், பணத்தைச் சேர்த்து வை என்கிறான். அதே பாசக் குரலில்தான் ஸ்ட்ரைக்கிடம் ஒரு கொலையையும் கேட்கிறான். டேரில் ஆடம்ஸ் என்னிடம் திருடுகிறான், அவனை முடித்தாக வேண்டும். முடித்தால் பெஞ்சிலிருந்து நீ மேலே வரலாம் என்கிறான். நீ போய்ச் சுடு என்ற நேரடியான கட்டளை மட்டும் கிடையாது. பையன் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும், தானாகச் செய்ய வேண்டும், மாட்டினால் தனியாக மாட்ட வேண்டும். டேரில் வேலை செய்யும் உணவகத்துக்கு எதிரே போய் நிற்கும் ஸ்ட்ரைக், தைரியம் வராமல் பக்கத்திலிருக்கும் மதுக்கடைக்குள் நுழைகிறான். உள்ளே அவன் அண்ணன் விக்டர் குடித்துக்கொண்டிருக்கிறான்.

அன்றிரவு டேரில் சுட்டுக் கொல்லப்படுகிறான். விக்டர் தானாக வந்து, நான்தான் சுட்டேன், தற்காப்புக்காகச் சுட்டேன் என்கிறான்.

துப்பறிவாளர் ராக்கோ கிளைன் அதை நம்புவதில்லை. ஹார்வி கைடெல் நடித்திருக்கும் இந்த ராக்கோவை எளிதில் வெறுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. அவர் போடும் கணக்கு இப்படி: விக்டர் இரண்டு வேலை பார்க்கிறான், மனைவி குழந்தைகள் உண்டு, தேவாலயத்துக்குப் போகிறான், இந்தக் குடியிருப்பை விட்டு வெளியேறப் பணம் சேர்க்கிறான். தம்பியோ கிராக் விற்பவன். அப்படியென்றால் தம்பி சுட்டிருக்கிறான், அண்ணன் பழியை ஏற்கிறான்.

நாமும் இதே கணக்கைத்தான் போடுகிறோம். படம் நம்மைப் பிடிக்கும் இடம் இது. சுட்டது விக்டர்தான். முதல் நாளிலிருந்தே அவன் சொன்னதில் அது உண்மை. தற்காப்பு என்பதுதான் பொய். ஐசையா வாஷிங்டனின் முகத்தைப் பாருங்கள்: பகல் வேலை, இரவு வேலை, ஒழுங்காக உழைத்தும் அசையாத வாழ்க்கை. நல்லவன் என்ற பெயரே அவனை நசுக்கியிருக்கிறது. ராக்கோ ஒருமுறையாவது ‘நீ ஏன் இவ்வளவு களைத்திருக்கிறாய்?’ என்று கேட்டிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். நல்ல கறுப்பன், கெட்ட கறுப்பன் என்ற இரண்டு பெட்டிகளோடு வந்தவருக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

[திரையில்: டைரோன், சைக்கிள்]

தன் கணக்கை நிரூபிக்க அவர் செய்யும் காரியம் கொடியது. ஸ்ட்ரைக்தான் காட்டிக்கொடுத்தான் என்று ரோட்னியை நம்பவைக்கிறார். ரோட்னியின் அடியாள் எரோல் ஸ்ட்ரைக்கைத் தேடிக் கிளம்புகிறான். ஆனால் ஸ்ட்ரைக்கை அண்ணாந்து பார்த்து வளரும் சிறுவன் டைரோன், ஸ்ட்ரைக்கின் துப்பாக்கியாலேயே எரோலைச் சுட்டுவிடுகிறான். பள்ளிக்கூடப் பையன். ஸ்ட்ரைக் அவனுக்கு ரயில்களைப் பற்றிக் கற்றுக்கொடுத்தான், தொழிலையும் கற்றுக்கொடுத்தான். ரோட்னி தனக்குச் செய்ததை ஸ்ட்ரைக் அந்தச் சிறுவனுக்குச் செய்திருக்கிறான் என்பதை டைரோனின் தாய் ஐரிஸ் முன்பே கண்டுகொண்டு கத்தியிருந்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

காவல் நிலையத்தில் ராக்கோ அந்தச் சிறுவனுக்கு வாக்குமூலத்தைச் சொல்லிக்கொடுக்கும் காட்சி எனக்குப் பிடித்தது. பயந்தாய், துப்பாக்கி தற்செயலாகக் கிடைத்தது, கண்ணை மூடிக்கொண்டாய் என்று எடுத்துக்கொடுக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நடந்த சம்பவத்துக்குள்ளேயே ராக்கோ நிற்பதாகக் காட்டுகிறார்கள். குழந்தையைக் காப்பாற்றும் பொய் அது. விக்டரின் உண்மையை ஏற்காத அதே மனிதர் டைரோனுக்காகப் பொய்யைத் தயாரிக்கிறார்.

முடிவில் எனக்கு மனக்குறை உண்டு. ராக்கோ ஸ்ட்ரைக்கைப் பென் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறார். ரயில் பைத்தியமான ஸ்ட்ரைக் நிஜ ரயிலேறி ஊரைவிட்டே போகிறான். இரண்டு மணி நேரம் யாருக்கும் வெளியேறும் வழி இல்லை என்று காட்டிய படம், கடைசியில் ஒரு டிக்கெட்டில் அதைத் தீர்த்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

மறுபடி பார்ப்பவர்கள் அந்த மதுக்கடை உரையாடலுக்குத் திரும்பிப் போங்கள். டேரிலை முடிக்க எனக்குத் தெரிந்த ஆள் ஒருவன் இருக்கிறான் என்று விக்டர் சொல்வான். ஸ்ட்ரைக் அந்த ஆளைப் படம் முழுக்கத் தேடுவான். விக்டர் தன்னைப் பற்றித்தான் சொல்கிறான் என்பது தெரிந்த பிறகு, அந்தக் காட்சியில் அவன் பேசும் ஒவ்வொரு வரியும் வேறாகக் கேட்கும்.