வட்டத்துக்குள் உட்கார்ந்த செங்கல்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அடித்துப் பேசிவிட்டு இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, ஐந்து மணிக்கே வந்து நாற்காலியில் துண்டு போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஏழு மணிக்குத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் அம்மாபேட்டைப் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அந்தத் துண்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் பின்னால் வரும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ‘கொரோனா ஊரடங்குக் காலத்தில் சேலம் மக்கள் நடந்துகொண்டது பொறுப்போடா, அலட்சியத்தோடா?’ தம்பி அலட்சியத்தின் பக்கம் நின்று மூன்று சாட்சி வைத்தார். ஒன்று, 2020 ஏப்ரல் 25ஆம் தேதி கடைவீதியில் கூடிய கூட்டம். இரண்டு, மே 7ஆம் தேதி டாஸ்மாக் வரிசை. மூன்று, ஜூன் மாதம் ஐந்து ரோடு ஈரடுக்குப் பாலம் திறந்ததும் வேடிக்கை பார்க்கப் போன வண்டிகள். கடைசியில், ‘லத்தி இல்லாவிட்டால் நம்ம சனத்துக்குப் புத்தி இல்லை’ என்று முடித்தார். கைதட்டல் பந்தலைப் பிளந்தது. தட்டியது யார்? அதே சனம்தான். தன்னையே திட்டினாலும், நன்றாகத் திட்டினால் கைதட்டுகிற சனம் ஐயா இது. இவர்களைப் போய் அலட்சியக்காரர்கள் என்கிறார்.

முதல் சாட்சிக்கு வருகிறேன். ஏப்ரல் 25 சனிக்கிழமை. தம்பி கூட்டத்தைச் சொன்னார், அதற்கு முந்தின நாளைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அறிவிப்பு வருகிறது: ஞாயிறு முதல் செவ்வாய் வரை சேலத்திலும் திருப்பூரிலும் முழு ஊரடங்கு. சென்னை, கோவை, மதுரைக்கு நான்கு நாள், நமக்கு மூன்று நாள். இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அதற்கு முன்னால் மார்ச் 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு டிவியில் சொல்லி, பன்னிரண்டு மணிக்கு நாட்டையே மூடினார்கள். அதற்கு இது தேவலாம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. எங்கள் தெரு மளிகைக் கடைக்கு ஒரு நாளைக்கு எண்பது வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் வர வேண்டியவர்களை ஒரே நாளில் வரச் சொன்னால் அங்கே எத்தனை பேர் நிற்பார்கள்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும், முந்நூற்று இருபது. நான் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள், இந்தக் கணக்கில் தப்பு வராது. தம்பி வீட்டில் இரண்டு கதவு ஃபிரிட்ஜ் இருக்கலாம், பத்து நாள் காய் தாங்கும். எங்கள் தெருவில் பாதி வீடு வாரக்கூலி. சனிக்கிழமை கூலி வாங்கி, கடன் அடைத்து, மிச்சத்தில் கால் கிலோ பருப்பு வாங்குகிற வீடு. பட்டறை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. ரேஷன் கார்டுக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாய் என்றைக்கோ கரைந்திருந்தது. அந்த வீட்டு அம்மாவை, ‘மூன்று நாளைக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கத் தெரியாதா?’ என்று கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். தம்பிக்கு அது நிறையவே இருக்கிறது.

அன்றைக்கு அந்த வரிசையில் நானும் நின்றேன். கடைக்கு முன்னால் சுண்ணாம்புத் தூளில் வட்டம் போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் கத்திரி வெயில் மாதிரி அடித்தது. வட்டத்துக்குள் அரைமணி நேரம் நின்றோம், அப்புறம் முடியவில்லை. ஒருவர் மஞ்சப்பையை வட்டத்தில் வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார். அடுத்தவர் ஒற்றைச் செருப்பை வைத்தார். எங்கள் தெருக்கோடி ஆத்தா கையில் வெற்றிலைப் பையைத் தவிர ஒன்றும் இல்லை. அதை விட்டுவிட்டு நகர மனசில்லாமல், ஓரமாகக் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து வந்து வட்டத்தில் வைத்து, கடைக்காரரைப் பார்த்து, ‘தம்பி, இது நானாக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போனது.

சிரிக்கிறீர்கள். தம்பியும் முதலில் இதைச் சொல்லித்தான் சிரித்தார்: ‘இடைவெளி விட்டு நின்றது பை, மனிதர்கள் மரத்தடியில் கும்பலாக நின்றார்கள்’ என்று. சரி, ஒத்துக்கொள்கிறேன். மரத்தடியில் ஆறடி இடைவெளி இல்லை. நிழலே மொத்தம் பத்தடிதான் இருந்தது.

ஆனால் வரிசை எப்படி நகர்ந்தது என்று தம்பி பார்த்தாரா? முன்னால் ஒருவர் சாமான் வாங்கிப் போனதும், கடைக்காரர் மகன், பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன், ஒரு விளக்குமாற்றுக் கட்டையோடு வருவான். யார் பையையும் கையால் தொட மாட்டான். கட்டையால் ஒவ்வொரு பையாக, செருப்பாக, ஒரு வட்டம் முன்னால் தள்ளுவான். செங்கல்லைத் தள்ளுவதுதான் அவனுக்குப் பெரும்பாடு. இரண்டு மணி நேரத்தில் ஒரு பைகூட வரிசை மாறவில்லை. செங்கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் எவரும் நுழையவில்லை. நாற்காலியில் கிடக்கிற துண்டுக்கு மரியாதை கொடுத்து நீங்கள் அடுத்த நாற்காலிக்குப் போகிறீர்கள் இல்லையா, அதேதான். ஆள் இல்லாத இடத்திலும் ஆளுக்கு உரிய முறையைக் கொடுத்தது இந்தச் சனம். அங்கே லத்தி இருந்ததா? விளக்குமாறுதான் இருந்தது.

தம்பியின் முதல் சாட்சிக்கு எதிர்ச்சாட்சியாக 2021 மே மாதத்தை வைக்கிறேன். இரண்டாம் அலை. உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கை போட்ட மாதம், மறக்க முடியுமா? மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு. அப்போது என்ன செய்தார்கள்? முந்தின இரண்டு நாளும் இரவு ஒன்பது மணி வரை கடை திறக்க விட்டார்கள். ஊரடங்கு தொடங்கியதும் காய்கறி வண்டியைத் தெருவுக்கே அனுப்பினார்கள். தக்காளி வாசலுக்கு வந்தது, நாங்கள் வாசலைத் தாண்டவில்லை. ஒரு வருஷத்தில் எங்களுக்குப் புதிதாகப் புத்தி முளைத்துவிடவில்லை ஐயா. ஏற்பாடு மாறியது, கூட்டம் கலைந்தது. ஏற்பாட்டின் குறையை எங்கள் கணக்கில் எழுதுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

டாஸ்மாக்கா? அதிகம் பேசப் போவதில்லை, என் வீட்டுக்காரரும் பந்தலில் இருக்கிறார். ஒரு கேள்வி மட்டும். மார்ச் 24 மாலை மூடிய கடை 43 நாள் மூடியே இருந்தது. அந்த நாட்களில் வரிசை உண்டா? இல்லை. மே 7ஆம் தேதி கடையைத் திறந்தது நாங்களா? ஐம்பது வயசுக்கு மேல் காலையில் வாருங்கள் என்று பரிவட்டம் கட்டாத குறையாக நேரம் பிரித்துக் கூப்பிட்டது யார்? மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் 16ஆம் தேதி மறுபடி திறந்தது. இத்தனை திறப்பு விழாவையும் நடத்தியவர்களை விட்டுவிட்டு வரிசையில் நின்றவனை மட்டும் பிடித்து இழுக்கிறார் தம்பி.

பாலம் விஷயத்தில் நான் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போனோம். ஐந்து ரோட்டை வருஷக்கணக்கில் தோண்டிப் போட்டு, அந்தப் புழுதியைத் தின்றவர்கள் நாங்கள். 2020 ஜூன் 11இல் திறந்தார்கள். மூன்று மாதம் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு ஒரு பாலம் புதிதாகத் தெரிந்தால், என்ன செய்யும்? நானும் மகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, மேலே ஏறிக் கீழே இறங்கினேன். எங்கும் நிற்கவில்லை. தண்டனை உண்டென்றால் நடுவர் கொடுக்கட்டும்.

அடுத்தது லத்தி. நாலு ரோட்டில் தோப்புக்கரணம் போட வைத்ததையும் வண்டியைப் பிடித்து வைத்ததையும் தம்பி நடித்தே காட்டினார், நன்றாக இருந்தது. ஆனால் லத்தி நின்றது நாற்சந்தியில். எங்கள் சந்துக்குள் அந்த இரண்டு மாதத்தில் போலீஸ் வந்தது இரண்டு தடவை. ஒரு தடவை வழி தெரியாமல் வந்தார்கள். மிச்ச நாளெல்லாம் எங்களை யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்காத சந்தில் பிள்ளைகளை யார் உள்ளே வைத்திருந்தது?

எங்கள் முக்கில் தட்டுவடை செட்டுப் போடுகிற ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் ஆனால் அவர் தள்ளுவண்டியைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவி, பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்து, ஆறு ஆறாகத் தட்டில் அடுக்கித் தருவார். நின்றுகொண்டே, தோளோடு தோள் உரசித் தின்ன வேண்டிய பண்டம் அது. ஊரடங்கில் முதல் பத்து நாள் வண்டி தார்ப்பாயை மூடிக்கொண்டு நின்றது. பதினோராம் நாள் அதே வண்டியில் அதே பீட்ரூட்டையும் கேரட்டையும் துருவாமல், கிலோ கணக்கில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி முனையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் மஞ்சள் தண்ணீர். காசை அதில் போட வேண்டும், மீதிச் சில்லறையையும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மாலைக்குள் அவர் விரலெல்லாம் மஞ்சள் ஏறிவிடும். நோட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ‘வீட்டில் இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறேன் டீச்சர்’ என்றார். அறிவியல் கேட்காதீர்கள். மஞ்சள் தண்ணீருக்குக் கிருமி செத்ததோ இல்லையோ, தன்னால் ஒருவருக்கு நோய் போய்விடக் கூடாது என்ற பயம் அவருக்கு இருந்தது. அடிக்குப் பயந்த பயம் இல்லை அது.

இந்தப் பயம் நமக்கு எங்கிருந்து வந்தது? அம்மை போட்ட வீட்டைப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகினால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். அந்த வீட்டுக்காரரும் வெளியே நாலு வீட்டுக்குப் போகமாட்டார். தண்ணீர் ஊற்றும் வரைக்கும் அப்படித்தான். ‘தனிமைப்படுத்தல்’ என்ற நீளமான வார்த்தையை 2020இல்தான் கேள்விப்பட்டோம், காரியத்தைத் தாயிடம் கற்றிருந்தோம்.

அந்தத் தாயைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எந்த மாதம்? ஆடி. சேலத்துக்காரனுக்குத் தீபாவளி, பொங்கலை விட ஆடிப் பண்டிகைதான் பெரிசு. கோட்டை மாரியம்மனுக்கும் குகை மாரியம்மனுக்கும் கம்பம் நட்டால் ஊரே கோயில் வாசலில்தான் கிடக்கும். 2020 ஆடியில் பண்டிகைக் கூட்டம் இல்லை. குகையில் வண்டி வேடிக்கை இல்லை. அவரவர் வீட்டு வாசலில் கூழ் காய்ச்சி, அவரவரே குடித்தோம். மாரியம்மன் பண்டிகையை லத்தியால் நிறுத்த முடியும் என்று நினைக்கிறவர் சேலத்தில் ஒரு ஆடியாவது இருந்து பார்த்திருக்க மாட்டார். மக்கள் ஒத்துக்கொண்டார்கள், அதனால் நின்றது.

மலைக்கும் ஒரு வார்த்தை. ஏற்காட்டில் கோடை விழா 2020இலும் இல்லை, 2021இலும் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் வெறிச்சோடிக் கிடந்தன. மே மாதம் நமக்குக் குளுகுளு, அங்கே பழம் விற்கிறவருக்கும் லாட்ஜில் துணி துவைக்கிறவருக்கும் அதுதான் வருஷத்துச் சாப்பாடு. இரண்டு சீசன் போனதை அவர்கள் தாங்கினார்கள். மேலே போய்க் காற்று வாங்க முடியாத குறையைத்தான் கீழே நாம் பெரிதாகப் பேசினோம்.

இனி எதிரணி சொல்லாமல் விட்ட ஒன்றை நானே சொல்கிறேன், என் அணித் தலைவர் முறைத்தாலும் பரவாயில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். நம் ஊரிலும் நர்ஸ் வேலைக்குப் போன பெண்ணிடம் வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். கொரோனா வந்ததென்று தகரம் அடித்த வீட்டை, குணமான பிறகும் சுற்றி வளைத்துப் போனவர்களில் நானும் ஒருத்தி. அந்த வீட்டு அம்மா பல மாதம் கழித்துக் கோயிலில் என்னைப் பார்த்து, ‘நல்லா இருக்கீங்களா டீச்சர்?’ என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. இதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. தம்பி இதைப் பேசியிருந்தால் நான் தோற்றிருப்பேன். அவர் பாலத்தைப் பேசினார்.

மணி அடிக்கிறார்கள், இரண்டு நிமிஷம் கொடுங்கள் ஐயா.

2020 ஜூன் கடைசியில் என் பெரியம்மா தவறிப்போனார். வயசானவர், கொரோனா இல்லை. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. பெரியம்மாவுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மட்டுமே இருபத்தாறு பேர். யார் வருவது, யார் நிற்பது என்று என் கூடப்பிறந்த தம்பி ஒரு தாளில் பெயர் எழுதி, அடித்து, மறுபடி எழுதினான். பறை இல்லை, தேர் இல்லை. சந்துக்குள் வண்டி வராது, முனை வரைக்கும் தூக்கிப் போக வேண்டும். எழுபது எண்பது வீடு தாண்டிப் போக வேண்டிய சந்து அது. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் கிளம்பினோம்.

ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் ஆள் நின்றார்கள். ஒரு படிக்கு ஒருவர், இருவர். முந்தானையையும் துண்டையும் மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, படியை விட்டுக் கீழே இறங்காமல் நின்றார்கள். நாங்கள் கடந்ததும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தது. சாக்கடைத் தண்ணீர் போகிற வழிக்காகப் பதினைந்து வருஷம் பெரியம்மாவோடு பேசாத எதிர்வீட்டு அம்மா, அன்றைக்குப் படியில் நின்று கைகூப்பியவர், நாங்கள் முனை திரும்பும் வரை கையை இறக்கவில்லை.

அந்தச் சந்துக்குள்ளும் அன்றைக்குப் போலீஸ் இல்லை நடுவர் ஐயா. வணக்கம்.