பிலிப்பிக்: இது எந்த வகைத் திட்டு?

அடுத்த கேள்வி. ஆங்கில நாளிதழ் தலையங்கத்தில் 'பிலிப்பிக்' என்று ஒரு சொல்லைப் பார்த்தாராம் ஒரு நேயர். அகராதியில் திட்டுவது என்று போட்டிருக்கிறது, பிலிப் என்கிற பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. அதுவும் திட்டியவர் பெயர் இல்லை, திட்டு வாங்கியவர் பெயர்! மாசிடோனிய அரசர் இரண்டாம் பிலிப், அலெக்சாண்டரின் அப்பா. அவர் கிரேக்க நகரங்களை ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டுக்கொண்டு வந்தபோது, ஏதென்ஸ் மக்கள் அவையில் டெமாஸ்தனிஸ் என்கிற பேச்சாளர் எழுந்து அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். அந்தப் பேச்சுகளுக்குத்தான் பிலிப்பிக் என்று பெயர். முதல் பேச்சு கி.மு. 351-ல். அதைப் படித்தால் பிலிப்பைவிட ஏதென்ஸ்காரர்களுக்குத்தான் அதிகம் விழுந்ததோ என்று எனக்குத் தோன்றும். பிலிப் செத்துவிட்டானா, படுத்துவிட்டானா என்று வம்பு பேசித் திரிகிறீர்களே, அவன் செத்தாலும் நீங்கள் இப்படியே இருந்தால் சீக்கிரமே இன்னொரு பிலிப்பை உண்டாக்கிவிடுவீர்கள் என்கிறார்.

சரி, அப்புறம் எப்படி அது பொதுச்சொல் ஆனது? முந்நூறு ஆண்டு கழித்து ரோமில் சிசரோ என்கிற அரசியல்வாதி, பெரிய பேச்சாளர், வருகிறார். சீசர் கொல்லப்பட்ட பிறகு, கி.மு. 44, 43-ல், சீசரின் தளபதியாக இருந்த மார்க் ஆண்டனியைத் தாக்கி 14 உரைகள். டெமாஸ்தனிஸை மனதில் வைத்து அவரே அவற்றை பிலிப்பிக் என்றார். ஆண்டனிக்கும் பிலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. சிசரோ அதற்கு உயிரையே கொடுத்தார். கி.மு. 43 டிசம்பரில் ஆண்டனியின் ஆட்கள் அவரைக் கொன்று, தலையையும் கையையும் வெட்டி, ரோமின் பொது மன்றத்துப் பேச்சு மேடையிலேயே மாட்டிவைத்தார்கள்.

அதனால் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டுத் திட்டினால் அது பிலிப்பிக் ஆகாது. அம்மா திட்டுவதும் ஆகாது, எவ்வளவு நேரம் திட்டினாலும்! நாலு பேர் முன்னால், ஒரு ஆளையோ அரசையோ குறிவைத்து, காரசாரமாகப் பேசுவதோ எழுதுவதோதான் பிலிப்பிக். எதிர்க்கட்சித் தலைவர் அவையில் அமைச்சரை வறுத்தெடுத்தால் தாராளமாகச் சொல்லலாம்.

எழுதும்போது ஒரு எல், இரண்டு பி. பிலிப்பைன்ஸ் என்று எழுதும்போதும் அப்படித்தான். ஆனால் அந்த நாட்டுக்குப் பெயர் தந்தவர் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப். அவரை இதில் இழுக்க வேண்டாம்.