கையேந்தி வந்த குருவானவர்

அன்பான பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

பங்குக்குப் புதிதாக ஒரு சுவாமியார் வந்தால் மாலை போட்டு, மேளம் அடித்து அழைத்து வருவது நம் வழக்கம். 1687-இல் யாழ்ப்பாணம் வந்த குருவானவரை வரவேற்க ஒருவரும் இல்லை. 1658-இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், இந்த ஊரைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லை. அவர்களை மறைத்து வைத்தவருக்கும் தண்டனை.

அதனால் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் அங்கியைக் கழற்றிவிட்டு, கூலிக்காரர் உடையில், பணியாளர் ஜானுடன் தூத்துக்குடியில் கப்பலேறினார். வந்து சேர்ந்ததுமே கடும் வயிற்றுளைச்சல். சுருண்டு கிடந்தவருக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கஞ்சி இல்லையென்றால் இன்று நான் பேச ஒன்றுமே இருந்திருக்காது.

எழுந்து நடக்க முடிந்ததும், கழுத்தில் செபமாலை தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். சோற்றுக்காக மட்டும் அல்ல. மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது, யார் மறைவாக வாழும் கத்தோலிக்கர் என்று பார்த்தார். எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போகவே மனம் வருவதில்லை. யோசித்துப் பாருங்கள். ஏறத்தாழ 30 வருடமாகப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. பூசையே காணாமல் வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றவர்கள் இருந்திருப்பார்கள். அப்படி ஒரு வீட்டு அம்மா, வாசலில் நிற்கும் பிச்சைக்காரரின் கழுத்தைப் பார்க்கிறார். நெஞ்சு பதறாதா? வந்தவன் ஒற்றனாக இருந்தால்? ஆனாலும் கதவைச் சாத்தாதவர்கள் இருந்தார்கள். அவர்கள்தான் அவரைச் சில்லாலைக் கிராமத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். பகலில் ஒளிவு, இரவில் பூசை. 1689 கிறிஸ்மஸ் இரவில் படைவீரர்கள் புகுந்து பலரைப் பிடித்துப் போனார்கள். சுவாமியார் மட்டும் அகப்படவில்லை.

அப்புறம் புத்தளம், 1692-இல் ஒல்லாந்தர் கைக்கு எட்டாத கண்டி அரசு. போர்த்துக்கேய ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். சரி, கிடைத்த நேரம் என்று அங்கேயே சிங்களம் படித்தார்.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. சொந்தக்காரர்களே நோயாளிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். கைவிடப்பட்டவர்களுக்கு அவர் குடிசை போட்டார், கஞ்சி ஊட்டினார், இறந்தவர்களைத் தம் கையால் புதைத்தார். கத்தோலிக்கரா பௌத்தரா என்று கேட்கவில்லை. அதன் பிறகு கண்டி அரசனே அவர் பணி செய்ய வழி விட்டான்.

1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார். வந்திறங்கிய நாள்முதல் ஒருமுறைகூட அவர் கோவாவுக்குத் திரும்பிப் போகவில்லை.