அம்மாவிடம் முகவரி சொல்லக் கூடாதா?

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு எதிர்ப்பை மீறிக் கல்யாணம் செய்து, உயிருக்குப் பயந்து கனடாவுக்கு வந்து அடைக்கலம் கேட்டு, அது நிராகரிக்கப்பட்டவர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் (Federal Court) போனால் அங்கே என்ன நடக்கும் என்று இன்றைக்குப் பேசலாம்.

பஞ்சாபில் ஒரு பெண், ஒரு பையன், வேறு வேறு சாதி, பெண்ணின் அண்ணன்மார் வெட்டுவோம் என்று தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இது குடும்பத் தகராறு, இதில் அகதி எங்கே வந்தார்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். துரத்துவது அரசாகவே இருக்க வேண்டியதில்லை, அரசால் காப்பாற்ற முடியவில்லை என்றாலும் போதும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது.

ஆனாலும் பல கேஸ்கள் வேறொரு கேள்வியில் விழுகின்றன. இந்தியா அவ்வளவு பெரிய நாடு, மும்பையில் போய் இருக்கக் கூடாதா? இந்தக் கேள்வியை எப்படி அளக்க வேண்டும் என்று வகுத்த 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ரசரத்தினம் என்ற ஓர் ஈழத் தமிழருடைய வழக்கில் வந்தது. கொழும்பில் இருந்திருக்கலாமே என்று அவரிடம் சொன்னார்கள். இன்றும் அந்த அளவுகோல் அவர் பெயரால்தான் வழங்குகிறது: அந்த ஊரில் ஆபத்து தொடரக் கூடாது, அங்கே போய் வாழச் சொல்வது நியாயமாகவும் இருக்க வேண்டும். நம் ஆட்கள் பட்ட பாட்டில் பிறந்த சட்டம் இது.

சரி, மும்பைக்கே போகிறார்கள். வாடகைக்கு ஒரு அறை. வீட்டுக்காரர் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார், அதில் அப்பா பெயர், கிராமத்து முகவரி, எல்லாம் இருக்கிறது, வாடகைதாரர் விவரம் என்று அதைப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுக்கிறார். அதைவிடப் பெரிய விஷயம் ஊரில் இருக்கும் பையனின் அம்மா. அண்ணன்மார் அவளிடம்தானே வந்து கேட்பார்கள்? தெரிந்தால் அவள் பொய் சொல்ல வேண்டும், அதனால் அவளிடமே மறைக்க வேண்டும். பெற்றவளிடம் முகவரி சொல்ல முடியாத வாழ்க்கை ஒளிந்திருப்பதுதான், அதைக் குடியேறி வாழ்வதாகக் கணக்கில் எடுக்க முடியாது என்ற கருத்தை, பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள் வழக்கு ஒன்றில் 2020-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றது. எல்லா நீதிபதிகளும் இதே வழியில் போவதில்லை, ஆனால் என் மனசுக்கு இது மிகச் சரியான தீர்ப்பு.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நீதிமன்றம் உங்கள் கதையை முதலிலிருந்து மறுபடி கேட்காது. முடிவெடுத்தவர் ஆதாரத்தைப் பார்த்தாரா, எழுதிய காரணங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்கும். கனடாவுக்குள் எடுத்த முடிவென்றால் கையில் கிடைத்ததிலிருந்து 15 நாள், அதற்குள் மனு போக வேண்டும், அதுவும் முதலில் அனுமதி கேட்கும் மனுதான், மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. ஜெயித்தால்கூட அகதி என்ற அங்கீகாரம் அங்கே கிடைக்காது, கேஸ் பொதுவாக வேறொருவரிடம் மறுவிசாரணைக்குத் திரும்பும்.

அப்புறம், முதல் விசாரணையில் கொடுக்காத ஆதாரத்தைப் பொதுவாக அங்கே புதிதாக நீட்ட முடியாது. அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சிக் கேட்கிறேன், அம்மாவிடம் ஒரு சத்தியக் கடதாசி (affidavit) வாங்குங்கள். யார் வந்து கேட்டார்கள், எந்தத் தேதியில், வாசலில் நின்று என்ன சொன்னார்கள், அவள் என்ன பதில் சொன்னாள், எல்லாம் அவள் வாயால் வரட்டும். அந்தத் தாள் முதல் விசாரணைக்கு முன்பே, அடைக்கலக் கோரிக்கையை விசாரிக்கும் குடிவரவு அகதிகள் வாரியத்தின் கோப்புக்குள் போய்விட வேண்டும்.